நாடுகளை ஆராயும் நெறி
(காட்டுப்பாக்கம் கழக வெள்ளிவிழாவில், மாணவர் அரங்கில் ஆற்றிய உரை)

    

பிற நாடுகளைப் பற்றி ஆராய மாணவர்க்குக் கற்பிப்பது எவ்வாறு என்பது குறித்துப் பேச விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். ஒரு நாட்டைப் பற்றி எழுதச் சொன்னால், தலைநகர், நாணயம், மக்கள்தொகை ஆகியவற்றை ஏதேனும் ஒரு நூலிலிருந்து பெயர்த்தெழுதி முடித்துவிடும் வழக்கம் நம் பிள்ளைகளிடம் உள்ளது. ஆராய்ச்சி என்பதோ வினாவில் தொடங்குவது. வினாக்களைத் தாளில் கட்டங்களாக வரைந்து வைத்தால், விடை கிடைக்காத கட்டம் வெறுமையாக நின்று மாணவரை மேலும் தேடத் தூண்டும். விளக்கப்படங்களின் முதற்பயன் இதுவே.

இம்முறை நமக்குப் புதியதன்று. அரசுப் பள்ளிகளின் நடுநிலை வகுப்புகளுக்கு 2007ஆம் ஆண்டையொட்டி வந்த படைப்பாற்றல் கல்வியில், மனவரைபடம் வரைதல் ஒரு படியாக அமைந்திருந்தது. கணக்கில் வென்படமும், வரலாற்றில் காலக்கோடும் மாணவர் அறிந்தவையே. இவற்றைத் தென்னாப்பிரிக்கா என்னும் ஒரு நாட்டின்மீது பொருத்திக் காட்ட விழைகிறேன். சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று அந்நாட்டின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நம் தலைவர் இரட்டைமலை சீனிவாசனும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குப் பல்லாண்டு வாழ்ந்தவர்.

முதலில், மூன்று பத்திகள் கொண்ட அட்டவணை வரைக. அறிந்தவை, அறிய விரும்புபவை, ஆய்வில் அறிந்துகொண்டவை என அவற்றுக்குத் தலைப்பிடுக. நடுப் பத்தியை ஆசிரியர் நிரப்பலாகாது. அது மாணவரின் உரிமை.

அடுத்து, தாளின் நடுவில் நாட்டின் பெயரை எழுதி, நிலவியல், மக்கள், மொழி, தொழில், ஆட்சி, கல்வி எனக் கிளைகள் வரைக. பாடநூல்கள் பெரும்பாலும் இவ்வளவோடு நின்றுவிடும். நாம் இன்னும் இரு கிளைகள் சேர்க்க வேண்டும்: 'நிலம் யாருக்குச் சொந்தம்?', 'கடும் உழைப்பு யாருடையது?' ஒவ்வொரு குறிப்பின் அருகிலும் ஆண்டையும் நூலின் பெயரையும் எழுதுவது கட்டாயம். தென்னாப்பிரிக்காவின் 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பு 11 ஆட்சிமொழிகளை ஏற்றது; 2023இல் சைகைமொழியும் சேர்ந்து 12 ஆயிற்று. ஆண்டைக் குறியாதவன் பழைய செய்தியைப் புதியதென எழுதிவிடுவான்.

மூன்றாவதாக, இரண்டு காலக்கோடுகளை மேலும் கீழுமாக வரைக. மேலே இந்தியா, கீழே தென்னாப்பிரிக்கா. மேற்கோட்டில் 1892: செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த திரமென்கீரின் அறிக்கையை அடுத்து, ஒடுக்கப்பட்டோர்க்கு நிலம் ஒதுக்க சென்னை மாகாண அரசு ஆணையிட்ட ஆண்டு. பஞ்சமி நிலம் என்பது அதுவே. நம் வட்டாரமும் அன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. கீழ்க்கோட்டில் 1913: பெரும்பான்மையினரான ஆப்பிரிக்கர்க்கு நாட்டு நிலத்தில் ஏறத்தாழ 7 விழுக்காட்டை மட்டும் விட்டுவைத்த நிலச் சட்டம். பிறகு 1950ஐ நோக்குக. மேற்கோட்டில், தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவுடன் நம் அரசியலமைப்பு நடைமுறைக்கு வருகிறது. அதே ஆண்டில் கீழ்க்கோட்டில், குடியிருப்புகளை இனவாரியாகப் பிரிக்கும் சட்டம் பிறக்கிறது. இரு நூல்களைத் தனித்தனியே படிப்பவர்க்கு எளிதில் புலப்படாத இந்த உண்மை, இரு கோடுகளை ஒருங்கே காணும் சிறுவனுக்கு உடனே புலப்படும்.

இறுதியாக, ஒன்றையொன்று வெட்டும் இரு வட்டங்கள். பொதுப்பகுதியில் நிலமின்மை, ஒதுக்கப்பட்ட குடியிருப்பு, கல்வி மறுப்பு ஆகியவை இடம்பெறும். வேறுபாடுகளே நம்மை ஆழ்ந்து சிந்திக்க வைப்பவை. அங்குப் பிரிவினையைச் சட்டமே செய்தது. இங்குச் சட்டம் தடுத்த பின்னும் வழக்கம் தொடர்கிறது. அங்கு ஒடுக்கப்பட்டோர் பெரும்பான்மையினர். ஆகவே 1994இல் அனைவர்க்கும் வாக்குரிமை கிட்டியதும் ஆட்சி மாறியது. இங்கு நாம் ஊர்தோறும் சிதறி வாழும் சிறுபான்மையினர். வாக்குரிமை ஒன்றே நமக்குப் போதாது. 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் தனிப் பாதுகாப்புகளைக் கோரியதன் காரணம் இந்த வட்டங்களில் விளங்கும்.

படம் வரைந்ததோடு பணி முடிந்துவிடாது. படத்தைப் பார்த்து, நூலைத் திறவாமல், மாணவர் தம் சொந்த நடையில் ஒரு பக்கம் எழுத வேண்டும்; பின்னர் அவையில் எழுந்து நின்று விளக்க வேண்டும். எழுதத் தடுமாறும் இடமே மீண்டும் நூலகம் செல்ல வேண்டிய இடம்.

இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம், ஓர் அளவுகோல், ஒரு பென்சில், ஒரு நிலப்பட நூல், அருகிலுள்ள கிளை நூலகம் ஆகியவை போதும். நம் மாலை வகுப்புகளில் மாதம் ஒரு நாடு என எடுத்துக்கொண்டு, மாணவர் வரைந்த படங்களைச் சுவரில் மாட்டுமாறு கழகத்தாரை வேண்டுகிறேன். பர்மா, இலங்கை, மலேசியா என நம் முன்னோர் உழைத்து வாழ்ந்த நாடுகளிலிருந்தே தொடங்கலாம். அந்நாடுகளின் செய்திகளை அறிந்த முதியோர் நம் தெருக்களிலேயே இருக்கக்கூடும். அவர்களிடம் கேட்டறிவதும் ஆராய்ச்சியே.

1976 சூன் 16 அன்று, தம்மீது திணிக்கப்பட்ட பயிற்றுமொழியை எதிர்த்துத் தென்னாப்பிரிக்காவின் சொவெட்டோவில் பள்ளி மாணவர் திரண்டனர். துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர். கல்வி எத்தகையதாய் இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமைக்கு அவர்கள் கொடுத்த விலை அது. நம் பிள்ளைகளின் தாளில் உள்ள வினாக்களைப் பிறர் எழுதித் தருதல் கூடாது. அவற்றை அவர்களே எழுதப் பழக்குவது வெள்ளிவிழாக் காணும் இக்கழகத்தின் அடுத்த கடமையாகுக.

வாழ்க கழகம்! வளர்க கல்வி! ஜெய் பீம்!