வழியிற் கண்ட ஆமை

மாரி தொடங்கியதும் மன்னார், புத்தளம் ஆகிய பகுதிகளின் பற்றைக் காடுகளிலிருந்து ஆமைகள் தெருவுக்கு வருதல் இயல்பு. காண்போருட் சிலர், ஆமை புகுந்த வீட்டுக்கு ஆகாதென அஞ்சித் துரத்துவர். வேறு சிலர் நன்மை செய்வதாக எண்ணிக் கிணற்றில் விடுவர். பின்னையதே பெருங் கொடுமை.

நன்னீரில் வாழும் கறுப்பாமைக்கும் பாலாமைக்கும் விரல்களிடையே சவ்வு உண்டு. நட்சத்திர ஆமையோ தரைக்குரியது. கவிழ்த்த சட்டிபோன்று உயர்ந்த கரிய ஓடு; அதன்மேல் நடுவிலிருந்து விரியும் மஞ்சட் கதிர்கள்; யானையின் காலையொத்த கால்கள். இதனைக் கிணற்றில் விட்டால் மூழ்கி இறக்கும்.

தெருவைக் கடக்கும் ஆமையை, அது நோக்கிச் சென்ற பக்கத்திலேயே இரு கைகளாலும் தாழத் தூக்கி விடுதல் வேண்டும். திரும்பக் கொண்டுவந்து விட்டால் அது மீண்டும் தெருவிலேயே இறங்கும். வண்டிச் சில்லுப்பட்டு ஓடு வெடித்திருப்பின், அது வெறுங் கவசமன்று என்பதை நினைத்தல் வேண்டும். முள்ளந்தண்டும் விலாவெலும்புகளும் அவ்வோட்டோடு ஒன்றியவை. காயத்தைத் தூய துணியால் மூடி, காற்றோட்டமுள்ள பெட்டியில் நிழலில் வைத்து, வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்கலாம். புல்லும் இலையும் உண்ணும் பிராணிக்குப் பாலும் சோறும் ஊட்டலாகாது.

வீட்டில் வளர்க்கும் ஆசையும் வேண்டா. இலங்கைச் சட்டம் இதனைக் காக்கின்றது. காட்டிற் பிடித்த நட்சத்திர ஆமைகளின் பன்னாட்டு வணிகமும் 2019 இல் தடைசெய்யப்பட்டது.