காதிரைச்சலும் அதனை வளர்க்கும் வழக்கங்களும்



இன்று கடன் தவணையைப் பற்றிப் பேச வரவில்லை, அஞ்ச வேண்டாம். வெளியே ஓசையொன்றும் இல்லாதபோதும் காதுக்குள் வண்டு ரீங்காரமிடுவது போலக் கேட்கும் இரைச்சலைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். எனக்கே அவ்வுபாதை உண்டு. அரிசி ஆலைகளில் இயந்திரம் ஓடும்போதே அருகில் மேஜை போட்டுப் பல வருஷம் கணக்குப் பரிசோதித்ததன் பலன் அது. "பகலெல்லாம் வெளியே மில்லு, ராத்திரி காதுக்குள்ளே மில்லு" என்றார் ஓர் ஆலைத் தொழிலாளி. அதைவிடத் தெளிவாக நான் சொல்லிவிட முடியாது.

உட்செவியில் நத்தை ஓடு போன்ற உறுப்பினுள் நுண்ணிய மயிரணுக்கள் உள்ளன. பேரோசையால் அவை மடிந்தால் மறுபடி முளைப்பதில்லை. 85 டெசிபல் சத்தத்தில் நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருத்தலாகாது. 3 டெசிபல் ஏறுந்தோறும் அந்நேரம் பாதியாகும் என்பது நிபுணர் கணக்கு. அதன்படி 100 டெசிபலுக்கு 15 நிமிஷந்தான். திருவிழாவில் ஒலிபெருக்கியின் அடியிலேயே குழந்தைகளை உட்கார்த்தும் தாய்மார்கள் இதனை யோசிக்க வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவாக ஒலிபெருக்கி கூடாதென்று 2000-ம் வருஷத்திலேயே விதி ஏற்பட்டும், நம் கிராமங்களில் அதைக் கேட்பாரில்லை.

அடுத்தது காது குடைதல். குறும்பி தானாகவே வெளிவரும் சுபாவமுடையது. கோழியிறகும் ஊக்கும் தீக்குச்சியும் அதை உள்ளே தள்ளி அடைத்துவிடும். இரைச்சல் முன்னிலும் உரக்கக் கேட்கும்.

தலைவலிக்கென்று கடையில் வாங்கி மட்டின்றி விழுங்கும் ஆஸ்பிரினும், மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினாவும் இரைச்சலைக் கிளப்பக்கூடியவை. ஆயினும் வைத்தியர் கொடுத்த மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. அவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்.

தூக்கக் குறைவும் மனக்கவலையும் இரைச்சலை மிகுவிக்கின்றன. நிசப்தமும் அப்படியே. ஆகையால் இரவில் மின்விசிறியையோ வானொலியையோ மெல்லிய ஓசையில் வைத்துக்கொண்டு படுப்பது ஆறுதல் தரும். காபியை அடியோடு விடச் சொல்வோரும் உண்டு. அது எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. நான் ஒரு மாதம் விட்டுப் பார்த்தேன்; தலைவலிதான் மிச்சம்.

ஒரு காதில் மட்டும் இரைந்தாலும், நாடித் துடிப்போடு சேர்ந்து இரைந்தாலும் காது வைத்தியரிடம் காட்ட வேண்டும். திடீரென்று ஒரு காது கேளாமற் போனாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சில வாரங்கள் கடந்தபின் போனால் சிகிச்சை பலிப்பது அரிது.