கூரை வேய்தல்: அன்றும் இன்றும்



உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மனித வாழ்வுக்கு இன்றியமையாதவை. இவற்றுள் உணவைப் பற்றியும் உடையைப் பற்றியும் பேசுவோர் பலர். உறையுளைப் பற்றிப் பேசுவோர் சிலர். அவ்வுறையுளின் கூரையைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. அந்தக் கூரையைப் பற்றித்தான் இன்று உங்களோடு சிறிது பேச விழைகின்றேன். குறிப்பாக, இக்காலத்தில் கட்டடங்களின் மேலும் சுவர்களிலும் பொருத்தப்படும் வெப்பந்தடுக்கும் உலோகப் பலகைகளைப் பற்றிக் காண்போம்.

தமிழில் 'வேய்' என்றால் மூங்கில். 'வேய்தல்' என்றால் கூரையை மூடுதல். நம் முன்னோர் ஓலையாலும் கீற்றாலும் புல்லாலும் கூரை வேய்ந்தனர். அக்கூரையின் கீழ் சித்திரை வெயிலிலும் ஓரளவு குளிர்ச்சி நிலவியது. காரணம் யாது? ஓலைகளின் அடுக்குகளுக்கிடையே சிறுசிறு இடைவெளிகள் உண்டு. அவற்றில் அசையாத காற்று சிறைப்பட்டுக் கிடக்கின்றது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. இந்த ஓர் உண்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இப்பேச்சு முழுவதும் இது நமக்குத் துணை செய்யும்.

ஆனால் ஓலைக்கு ஒரு பெருங்குறை உண்டு. அது தீக்கு இரையாவது. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் எழுந்த தீ, வகுப்பறையின் கீற்றுக் கூரையைப் பற்றிக்கொண்டது. வெளியேறும் வழியோ குறுகியது. 94 குழந்தைகள் மாண்டனர். ஆசிரியராய் இருந்த எவரும் அந்நாளை மறக்க இயலாது. அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. அகற்றியது முற்றிலும் சரியே.

கீற்று இருந்த இடங்கள் பலவற்றில் தகரம் ஏறிற்று. நான் பணியாற்றிய பள்ளி ஒன்றிலும் அவ்வாறே நிகழ்ந்தது. ஆண்டிபட்டிப் பக்கத்து வெயிலைச் சொல்ல வேண்டுவதில்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு அக்கொட்டகையில் கணக்குப் பாடம் நடத்துவது பெரும்பாடு. பிள்ளைகளின் நெற்றியிலிருந்து வியர்வை குறிப்பேட்டில் சொட்டும். எழுதிய மை கரையும். ஐப்பசி மழை பெய்தாலோ, தகரத்தின் ஓசையில் என் குரல் முன்வரிசைக்கும் எட்டாது. தீக்கு அஞ்சி வெயிலில் வந்து நின்றோம் என்பதே அன்றைய நிலை.

தகரக் கூரை ஏன் இவ்வளவு சுடுகின்றது? சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். தெளிந்த வானத்தில் உச்சி வெயில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் ஏறத்தாழ 1,000 வாட்டு ஆற்றலைக் கொட்டுகின்றது. 6 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள வகுப்பறையின் கூரைப் பரப்பு 36 சதுர மீட்டர். ஆகவே அதன்மேல் விழுவது 36,000 வாட்டு. 1,000 வாட்டு மின்னடுப்புகள் முப்பத்தாறினை மாடியில் ஏற்றி வைத்ததற்கு அது சமம். இதில் ஒரு பகுதி வானுக்கே திரும்பிவிடும். மீதியை உறிஞ்சிய தகரத்தின் வெப்பநிலை 60 பாகை சென்டிகிரேடையும் தாண்டும். தகரம் அரை மில்லிமீட்டர் தடிப்புள்ளது. எஃகு வெப்பத்தை நன்கு கடத்துவது. எனவே மேற்பக்கத்துச் சூடு கணப்பொழுதில் கீழ்ப்பக்கத்தை அடைந்து, அங்கிருந்து கதிர்வீச்சாய்ப் பிள்ளைகளின் தலைமேல் இறங்குகின்றது.

நெளி தகரம் புதிய பொருளன்று. 1829-இல் இலண்டன் துறைமுகத்துப் பொறியாளர் ஹென்றி ராபின்சன் பாமர் என்பார் இரும்புத் தகட்டை அலையலையாய் நெளித்து அதற்குக் காப்புரிமை பெற்றார். மெல்லிய தகடும் நெளிவினால் வலிமை பெறும். ஒரு காகிதத்தை விசிறிபோல் மடித்துப் பார்த்தால் இது விளங்கும். பின்னர் துருப்பிடியாதிருக்கத் துத்தநாகப் பூச்சு வந்தது. ஆயினும் வெப்பத்தைத் தடுக்கும் ஆற்றல் அதற்கு வரவில்லை.

அக்குறையை நீக்க வந்ததே இன்றைய அடுக்குப் பலகை. கடைத்தெருவில் இதனைப் 'பஃப் பேனல்' என்பர். நிறம் பூசிய தகடுகளைப் பொதுவாகக் 'கூலிங் ஷீட்' என வழங்குவதும் உண்டு, இரண்டும் ஒன்றல்ல. அடுக்குப் பலகையில் மேலொரு தகடு, கீழொரு தகடு, நடுவே பாலியூரித்தேன் நுரை இருக்கும். அந்நுரையில் எண்ணற்ற சிறு குமிழிகள் உள்ளன. அவற்றுள் வாயு சிறைப்பட்டுக் கிடக்கின்றது. ஓலைக் கூரையின் அதே தத்துவந்தான்! 50 மில்லிமீட்டர் தடிப்புள்ள பலகையின் மேற்புறத்திற்கும் கீழ்ப்புறத்திற்கும் 30 பாகை வேறுபாடு இருப்பதாகக் கொள்வோம். அப்பொழுது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 14 வாட்டு மட்டுமே உள்ளே நுழையும். நம் வகுப்பறை முழுமைக்கும் அது ஏறத்தாழ 500 வாட்டு. முப்பத்தாறு அடுப்புகள் எங்கே, அரை அடுப்பு எங்கே!

வெப்பத்தை வெளியே நிறுத்தும் பலகை குளிரை உள்ளேயும் நிறுத்தும். நம் கம்பம் பள்ளத்தாக்கு வாழைக்கும் திராட்சைக்கும் பேர்பெற்றது. கம்பம் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது. இத்தகைய கனிகளைக் காக்கும் குளிரறைகளின் சுவரும் கூரையும் இப்பலகைகளால் அமைபவையே.

இனி, இவற்றைப் பொருத்தும் முறையைக் காண்போம். பொருள் நல்லதாயினும் வேலை செம்மையாக இல்லாவிடில் பயனில்லை.

முதலாவது, காற்றின் திசை. 'ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்' என்பது நம் பழமொழி. தென்மேற்குப் பருவத்தில் நம் பக்கம் மேல்காற்று வலிமையுடையது. ஆகவே காற்று வரும் மேற்கு முனையில் தொடங்காமல் கிழக்கு முனையில் தொடங்கி மேற்கு நோக்கித் தகடுகளை அடுக்கிச் செல்ல வேண்டும். அப்பொழுது ஒவ்வொரு தகட்டின் மேல்விளிம்பும் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும். மழைநீர் இணைப்பினுள் புகாது. காற்று கூரையைக் கீழ்நோக்கி அழுத்துவதைவிட மேல்நோக்கி இழுப்பதே பெருந்தீங்கு. கூரைமேல் விரைந்து செல்லும் காற்றின் அழுத்தம் குறைகின்றது. உள்ளிருக்கும் காற்று தகட்டை மேலே தள்ளுகின்றது. ஆதலால் கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும் திருகாணிகளை நெருக்கமாக இடவேண்டும்.

இரண்டாவது, உலோகத்தின் விரிவு. 10 மீட்டர் நீள எஃகுத் தகடு, 40 பாகை வெப்பம் ஏறினால் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளும். இரவில் மீண்டும் சுருங்கும். தகரக் கொட்டகையில் இரவு நேரத்தில் 'டக் டக்' என்று எழும் ஓசையைப் பேயென்று அஞ்சுவோர் உண்டு. அது பேயன்று, பெளதிகம்! இவ்விரிவுக்கு இடந்தராமல் இறுக்கினால் நாளடைவில் திருகாணித் துளைகள் அகன்று ஒழுகத் தொடங்கும். திருகாணியின் கீழுள்ள இரப்பர் வளையமும் அளவோடு அழுந்த வேண்டும், நசுங்கிப் பிதுங்கலாகாது.

மூன்றாவது, தூய்மை. தகட்டைத் தீப்பொறி பறக்கும் சக்கரத்தால் அறுத்தால் காப்புப் பூச்சு கருகும். துளையிடும்போது சிதறும் இரும்புத் துகள்களை அன்றன்றே பெருக்கித் தள்ளாவிடில் அவை துருவேறித் தகட்டையும் கெடுக்கும். கூரைக்குப் பத்தடிக்கு ஓரடியேனும் சரிவு இருத்தல் நலம். மேலேறி வேலை செய்வோர்க்கு இடைக்கயிறு கட்டாயம் வேண்டும். அவர்களுடைய உயிர் நம் கூரையினும் பெரிதன்றோ!

மாணவர்களே, இதுகாறும் பலகையின் சிறப்பைச் சொன்னேன். இனி நான் சொல்லப்போவதே இப்பேச்சின் உயிர்நாடி. அந்தப் பலகையின் நடுவே இருப்பது என்ன என்று கேளுங்கள். பாலியூரித்தேன் நுரை எரியக்கூடியது. எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வெளிப்படும். இரண்டும் கொடிய நச்சு வாயுக்கள். தீத்தணிப்பு மருந்து கலந்த வகைகள் உண்டு எனினும், நுரை நுரைதான்.

2017-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் இலண்டன் மாநகரில் கிரென்ஃபெல் என்னும் 24 மாடிக் குடியிருப்பு தீப்பற்றியது. நான்காம் மாடிச் சமையலறையில் ஒரு குளிர்சாதனப் பெட்டியில் எழுந்த சிறு தீயே அதன் தொடக்கம். கட்டடத்தை அழகுபடுத்தவும் வெப்பம் காக்கவும் அண்மையில்தான் வெளிச்சுவரெங்கும் பலகை போர்த்தியிருந்தனர். அலுமினியத் தகடுகளின் நடுவே பாலித்தீன். அதன் பின்னே எரியக்கூடிய நுரை. தீ அப்போர்வையைப் பற்றி உச்சிவரை ஏறிற்று. 72 பேர் மாண்டனர். 2024 செப்டம்பரில் வெளிவந்த விசாரணைக் குழுவின் இறுதி அறிக்கை, அம்மரணங்கள் அனைத்தும் தவிர்த்திருக்கக் கூடியவை என்று கூறிற்று. பொருள்களைச் செய்தோரும் விற்றோரும் அவற்றின் தீக்குணத்தை மறைத்து வாங்குவோரை ஏமாற்றினர் என்றும் கண்டது.

கும்பகோணத்தில் எரிந்தது ஏழைப் பொருளான கீற்று. இலண்டனில் எரிந்தது விலையுயர்ந்த புதுப்பொருள். தீக்கு அவ்வேற்றுமை தெரியாது. வெயிலுக்கு அஞ்சி மீண்டும் தீயினிடம் நாம் போய்ச் சேரலாகாது.

மாற்று இல்லாமல் இல்லை. கருங்கல் வகையையும் உலோகக் கசட்டையும் உருக்கிப் பஞ்சு போல் இழைத்து எடுப்பது பாறைக் கம்பளி. கல் எரியாது, அதன் பஞ்சும் எரியாது. நுரையளவு அது வெப்பத்தைத் தடுப்பதில்லை. 50 மில்லிமீட்டர் நுரை செய்யும் வேலைக்கு ஏறத்தாழ 85 மில்லிமீட்டர் பாறைக் கம்பளி வேண்டும். எடையும் விலையும் கூடும்; நனைந்தால் பயன் குன்றும். எனினும் பள்ளி, மருத்துவமனை, மக்கள் கூடும் மண்டபம் ஆகியவற்றிற்கு அந்தக் கூடுதல் செலவு செலவன்று என்பதே என் கருத்து. எப்பலகையை இட்டாலும் இரண்டு வாயில்கள் அகலமாகத் திறந்திருக்க வேண்டும். சமையலிடம் தனித்திருக்க வேண்டும். மின்கம்பிகள் பலகையின் நடுப்பொருளைத் தொடலாகாது.

பலகைக்குப் பணமில்லாதார் என் செய்வது? வெள்ளைப் பூச்சு அவர்களுக்கு உதவும். வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பும். தெலங்கானா அரசு 2023-இல் குளிர் கூரைகளுக்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. தமிழ்நாட்டு அரசும் 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. கூரையில் வெள்ளை பூசி, சுவரின் உச்சியில் சூடான காற்று வெளியேறத் துளைவழிகள் விட்டாலே அறை வெகுவாக மாறும். கல்நார்த் தகடு குறித்தும் ஒரு சொல்: எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் விளைவிப்பது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிவு. பழைய கல்நார்க் கூரையை அறுக்கவும் துளையிடவும் உடைக்கவும் வேண்டா.

உங்களுக்கு ஒரு சிறு வேலை தருகின்றேன். ஒரு வெப்பமானியை எடுத்து, உங்கள் வகுப்பறையில் கூரைக்கு ஓரடி கீழும், நீங்கள் அமரும் உயரத்திலும், வெளியே மரநிழலிலும் பிற்பகல் இரண்டு மணிக்கு வெப்பநிலையைப் பாருங்கள். ஒரு மாதம் குறித்து வைத்து உங்கள் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். முறையீட்டைவிட அளவீட்டுக்கு மதிப்பு அதிகம். நாளை உங்களுள் சிலர் பொறியாளர் ஆவீர்கள். சிலர் கட்டடம் கட்டுவிப்பீர்கள். சிலர் ஒப்பந்தங்களில் கையொப்பம் இடுவீர்கள். அப்பொழுது பலகையின் நிறத்தையும் விலையையும் கேட்பதற்கு முன், 'இதன் நடுவே இருப்பது எரியுமா?' என்று கேளுங்கள். விடை எழுத்தில் வரும்வரை கையொப்பம் இடாதீர்கள்.