பளிங்கு வரி மெழுகுவர்த்தி: பொறுமையே பாதுகாப்பு



தீபாவளிக்கும் திருமண விருந்துக்கும் வீட்டிலேயே மெழுகுவர்த்தி செய்து விற்கும் பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வெள்ளை மெழுகில் நீலமும் சிவப்பும் நெளிந்தோடும் பளிங்கு வரி வர்த்திக்குத் தனி மவுசு உண்டு. ஆனால் அதைச் செய்யும் இடம் பெரும்பாலும் அடுக்குமாடி வீட்டின் சிறிய சமையலறை. பிள்ளைகள் ஓடி விளையாடும் இடம். ஆகவே அழகைப் பற்றிப் பேசுமுன் நெருப்பைப் பற்றிப் பேசிவிடுவோம்.

மெழுகு ஓர் எரிபொருள். கடையில் வாங்கும் பாரஃபின் மெழுகு ஏறக்குறைய 50 முதல் 65 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். சூடு 200 டிகிரி வாக்கில் ஏறினால் அதன் ஆவி தீப்பற்றக்கூடும். தண்ணீரைப்போல் அது கொதித்து நம்மை எச்சரிக்காது. சத்தமில்லாமல் சூடேறிக்கொண்டே போகும்.

எனவே மெழுகுப் பாத்திரத்தை நேரடியாக அடுப்பில் வைக்கவே கூடாது. பெரிய சட்டியில் தண்ணீர் ஊற்றி, அதனுள் ஒரு தாங்கியின்மேல் மெழுகுள்ள எவர்சில்வர் பாத்திரத்தை வையுங்கள். தண்ணீரின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அதிலிருக்கும் மெழுகும் தாண்டாது. தண்ணீர் மட்டும் வற்றிவிடக் கூடாது. தொலைபேசி அடித்தாலும் வாசலில் யாராவது கூப்பிட்டாலும், அடுப்பை அணைத்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

இனி பளிங்கு வரிக்கு வருவோம். வண்ண மெழுகைத் தட்டில் ஒரு செண்டிமீட்டர் கனத்துக்கு ஊற்றி, பாதி இறுகியதும் துண்டுகளாக வெட்டுங்கள். திரி கட்டிய அச்சில் அவற்றை அடுக்கி, வெள்ளை மெழுகை ஊற்றுங்கள். அதன் சூடு உருகுநிலையைவிட 10 முதல் 15 டிகிரி கூடுதலாக இருந்தால் போதும். துண்டுகளின் ஓரம் மட்டும் இளகி, வரி வரியாய்ப் படரும். மிகச் சூடாக ஊற்றினால் வண்ணமெல்லாம் கரைந்து ஒரே கலங்கலாகிவிடும். ஆக, அதிகச் சூடு ஆபத்து மட்டுமல்ல, அழகுக்கும் பகை. ஒரு வெப்பமானி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் அது காக்கும்.

சிலர் வண்ணத்துக்கு நகப்பூச்சைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அதில் வர்த்தியைத் தோய்த்தெடுக்கிறார்கள். பார்க்கப் பளபளப்பாக இருக்கும். ஆனால் நகப்பூச்சு எளிதில் தீப்பற்றும் பொருள். அந்த வர்த்தி நம் வீட்டில் எரியப்போவதில்லை. வாங்கியவர் வீட்டில் எரியப்போகிறது. மெழுகுக்கென்றே விற்கும் சாயத்தைப் பயன்படுத்துங்கள். பிள்ளைகளின் வண்ண மெழுகுக் குச்சிகளும் வேண்டாம். அவற்றின் நிறத்துகள் திரியை அடைத்துவிடும்.

தப்பித்தவறி மெழுகில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் மெழுகைவிடக் கனமானது. அது அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, எரியும் மெழுகைச் சுற்றிலும் வாரியடிக்கும். அடுப்பை அணைத்து, உலோக மூடியால் பாத்திரத்தை மூடிவிடுங்கள். ஆறும்வரை திறக்க வேண்டாம், தூக்கிக்கொண்டு ஓடவும் வேண்டாம். தீ அடங்காவிட்டால் வீட்டாருடன் வெளியேறி, மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணை அழையுங்கள்.

சூடான மெழுகு கையில் பட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். ஒட்டிய மெழுகைப் பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். பற்பசையோ கிச்சாப்போ தடவாதீர்கள். கொப்புளம் பெரிதானால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

மிச்ச மெழுகைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். இறுகவிட்டு எடுத்து வையுங்கள், மறுமுறை உதவும். விற்பதற்குமுன் ஒவ்வொரு வகையிலும் ஒன்றை நீங்களே கடைசிவரை எரித்துப் பாருங்கள். புகை கக்கினாலும் சுடர் உயர எழுந்தாலும் திரியை மாற்றுங்கள்.

ஒரு வர்த்தி நன்றாக ஆறி இறுகச் சில மணி நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைக் கொடுங்கள். பொறுத்தவர் வர்த்தியில் வரியும் நிற்கும், வீட்டில் நிம்மதியும் நிற்கும்.