கோலூன்றி நடப்போம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் மெஷின்களோடு பழகும் இஞ்சினியர், டாக்டர் அல்ல. ஆனாலும் உடல்நலம் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம், என் அப்பா.

கொருக்குப்பேட்டையிலிருந்து மணலிக்குச் சைக்கிளிலேயே ஷிப்டுக்குப் போய்வந்தவர். ஓய்வு பெற்றபின், 2023ல், ரயில்வே கேட் பக்கம் சரளைக்கல்லில் இடறி விழுந்தார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தைரியம் போய்விட்டது. டீக்கடைக்குக்கூடப் போவதில்லை. கைத்தடி வாங்கிக் கொடுத்தேன். "நான் இன்னா கெழவனா?" என்று மூலையில் சாத்திவிட்டார். உட்கார உட்காரக் கால் வலுவிழந்தது. கால் வலுவிழக்க பயம் கூடியது.

அப்போதுதான் 'நார்டிக் வாக்கிங்' பற்றிப் படித்தேன். பின்லாந்தில் பனிச்சறுக்கு வீரர்கள் பனியில்லாத கோடையில் இரண்டு கோல்களோடு செய்த பயிற்சி அது. 1990களின் இறுதியில் பொதுமக்களின் உடற்பயிற்சியாகப் பரவியது.

இதன் சூட்சுமம் எளிது. நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் சற்று நேரம் ஒற்றைக் காலில் நிற்கிறோம். முதியவர்கள் அப்போது தடுமாறக்கூடும். கோல் ஊன்றினால் தாங்கும் பரப்பு அகலமாகிறது. கோலைப் பின்னோக்கி அழுத்தித் தள்ளுவதால் தோள், கை, முதுகுத் தசைகளும் வேலை செய்கின்றன. அதே வேகத்தில் சாதாரணமாக நடப்பதைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதல் சக்தி செலவாவதாக ஓர் ஆய்வு காட்டியது. கனடாவின் ஒட்டாவாவில் இருதய நோயாளிகளிடம் செய்து 2022ல் வெளியான ஆய்வில், 12 வாரப் பயிற்சி பெற்றவர்களில் கோலோடு நடந்தவர்களுக்கே நடைத்திறன் அதிகம் கூடியிருந்தது. முழங்கால் பாரம் வெகுவாகக் குறையும் என்பார்கள். அதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை.

செய்முறை: உயரத்தை 0.68ஆல் பெருக்குங்கள். 165 செ.மீ. உயரமுள்ளவருக்குக் கோல் சுமார் 112 செ.மீ. வலது கால் முன்னே போகும்போது இடது கை முன்னே. கோலின் முனை உடம்புக்குப் பின்பக்கம் சாய்ந்தே இருக்கட்டும். தார்ரோட்டுக்கு ரப்பர் முனை அவசியம். இருதய நோய், தலைசுற்றல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மலையேறுவோர் வைத்திருக்கும், உயரம் மாற்றக்கூடிய கோல் ஒரு ஜோடி வாங்கினேன். "ரெண்டு கைல ரெண்டு குச்சியா? ஜனங்க சிரிக்கும்டா!" என்றார் அப்பா. "கெழவனுக்குத்தாம்பா ஒரு தடி. ரெண்டு இருந்தா எக்சர்சைஸ்" என்றேன். முதல் நாள் 5 நிமிஷம். நான் பக்கத்திலேயே நடந்தேன். மூன்று மாதத்தில் அரை மணி நேரம் நடந்தார். இப்போது டீக்கடையில் மற்றவர்களுக்கு அவரே பாடம் எடுக்கிறார்!

65 வயதைக் கடந்தோரும் வாரம் 150 நிமிஷமாவது மிதமான வேகத்தில் உடலுழைப்பு செய்ய வேண்டும், மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் லாரியும் பள்ளமும் நிறைந்த நம் தெருக்களில் பெரியவர்கள் எங்கே நடப்பது?

எனவே என் வேண்டுகோள் இரண்டு. நம் கல்லூரி மைதானத்தைக் காலையில் ஒரு மணி நேரம் அக்கம்பக்கத்துப் பெரியவர்களுக்குத் திறந்துவிட நிர்வாகத்தைக் கேட்போம். முதல் பத்து ஜோடி கோல் என் பொறுப்பு. தம்பி தங்கைகளே, முதல் சில நாள் நீங்கள் அவர்கள் பக்கத்தில் நடந்தால் போதும். நாம் தத்தித் தத்தி நடந்தபோது விரல் பிடித்தவர்கள் அவர்கள்.