சைவ போர்டை நம்பி உள்ளே போனால்

"மதுரையில் பால், நெய் இல்லாம வெளியே எங்க சாப்பிடுறது?" போன எபிசோடைக் கேட்டுட்டு நிறைய பேர் கேட்டிருந்தீங்க.

இதையெல்லாம் விட்ட புதுசில், 'உயர்தர சைவம்' போர்டைப் பார்த்தாலே தைரியமா உள்ளே போவேன். அங்கேதானே நெய் அதிகம்! பொங்கலில் நெய், குருமாவில் தயிர், ரவா தோசை மாவில்கூட சில இடங்களில் மோர். ஒருநாள் நெய் வேண்டாம்னு சொல்லியே தோசை வாங்கினேன். பாதி சாப்பிட்ட பிறகுதான் வாசனை வந்தது. "லேசாத்தான் தடவுனோம் தம்பி"ன்னார் சர்வர். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. வீட்டில் சொன்னா, "இதுக்குத்தான் வெளிய சாப்பிடாதேன்னேன்" என்றார் அம்மா.

இப்போ 'வீகன்' என்ற வார்த்தையையே எடுக்கிறதில்லை. கூட்டமில்லாத நாலு மணிவாக்கில் போய், கல்லுகிட்ட நிற்கும் மாஸ்டரிடமே கேட்பேன்: "அண்ணே, கல்லுல என்ன தேய்ப்பீங்க? சட்னியில தயிர் உண்டா?" ரெண்டு தடவை பழகிட்டா, நம்மளைப் பார்த்ததும் அவரே நல்லெண்ணெயை எடுப்பார். அப்படி ரெண்டு கடை எனக்கு அமைஞ்சிருக்கு.

ஜிகர்தண்டா போச்சேன்னு இன்னமும் வருத்தம்தான். ஆனா பருத்திப்பால் இருக்கே! பேரில்தான் பால். ஊறவைத்த பருத்திக்கொட்டையை அரைச்சுப் பிழிஞ்சு, அரிசி மாவு, கருப்பட்டி, சுக்கு, தேங்காய் சேர்த்துக் காய்ச்சுவாங்க. பசும்பால் கலக்கிறாங்களான்னு மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

போன வாரம் அம்மாவை வண்டிக்குக் கூட்டிட்டுப் போனேன். இன்னொரு டம்ளர் கேட்டார்.