தொலைந்த பிறகு தேடும் அரசு



2024 ஆகஸ்ட் 20. திருவனந்தபுரத்தில், நாம் கூடியிருக்கும் இதே கழக்கூட்டத்தில் குடியிருந்த ஓர் அசாம் தொழிலாளர் குடும்பம். வீட்டுச் சிறுசுகளோடு சண்டை போட்டதற்கு அம்மா திட்டினார் என்று 13 வயதுப் பெண் ஒருத்தி காலையில் வீட்டைவிட்டு இறங்கிப் போய்விட்டாள். அவள் பெயரை நான் சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாது என்று 2015 சிறார் நீதிச் சட்டமே தடுக்கிறது. நீங்களும் வெளியே போய்ச் சொல்லாதீர்கள்.

அந்தப் பிள்ளை ஐலண்டு எக்ஸ்பிரஸில் ஏறினாள். ரயிலில் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துச் சந்தேகப்பட்ட ஒரு மாணவி செல்போனில் படம் எடுத்து வைத்தார். போலீசுக்குக் கிடைத்த நல்ல துப்பு அதுதான். நாகர்கோவில் ஸ்டேஷனில் இறங்கினாள், பாட்டிலில் தண்ணீர் பிடித்தாள், மறுபடி அதே வண்டியில் ஏறிக்கொண்டாள். கேமராவில் அது பதிவாகியிருக்கிறது. கன்னியாகுமரி. அங்கிருந்து சென்னை. சென்னையிலிருந்து வங்காளம் போகும் வண்டி. 37 மணி நேரம் கழித்து விசாகப்பட்டினத்தில் அந்த வண்டியில் ஏறித் தேடிய மலையாளி சங்கத்துக்காரர்கள் கண்டுபிடித்தார்கள்.

அந்தச் சங்கத்தாருக்கு இந்த மேடையிலிருந்து கை கூப்புகிறேன். கேரளத்தில் தொலைந்த அசாம் பிள்ளையை ஆந்திராவில் இருக்கும் மலையாளிகள் மீட்டார்கள். இரவு பகல் பாராமல் அலைந்த கேரள போலீசாரையும் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் நல்லவர்கள் கண்ணில் பட்டது அந்தப் பிள்ளையின் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி ஓர் அரசு குழந்தைகளைக் காக்க முடியாது.

ஆலுவாவில் அதற்கு ஓராண்டுக்கு முன், 2023 ஜூலையில், பீகாரிலிருந்து வந்த குடும்பத்தின் 5 வயதுக் குழந்தைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கொன்றவனுக்கு அதே ஆண்டு நவம்பர் 14 அன்று, குழந்தைகள் தினத்தில், மரண தண்டனை விதித்தார்கள். நாலு மாதம்கூட ஆகவில்லை, தீர்ப்பு வந்துவிட்டது. நம் அரசுகளுக்கு வேகம் தெரியாமல் இல்லை. தொலைந்தால் தேடுவதில் வேகம், செத்தால் தண்டிப்பதில் வேகம். தொலையாமல் பார்த்துக்கொள்வதில் அந்த வேகம் எங்கே? நான் கேட்க வந்தது அந்த ஒரு கேள்வியைத்தான்.

கழக்கூட்டத்துப் பிள்ளை திரும்பி வந்ததும் திருவனந்தபுரம் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தினார்கள். பெற்றோரோடு போக விருப்பமில்லை, இங்கேயே இருந்து படிக்க வேண்டும் என்று அவள் சொன்னதாகச் செய்திகள் வந்தன. உடனே ஊர் என்ன பேசியது? "என்ன தாய் இவள்!" என்றது. தாயை ஏசுவது சுலபம், காசா பணமா! தாயும் தகப்பனும் விடியலில் வேலைக்குப் போகிற வீடுகளில் கைக்குழந்தையை யார் பார்ப்பார்கள்? மூத்த பெண் பிள்ளைதான் பார்ப்பாள். அவளே குழந்தை. அங்கன்வாடி 3 வயதிலிருந்து 6 வயதுக்காரர்களுக்கு, அதுவும் அம்மா வேலையிலிருந்து திரும்புவதற்கு முன்பே பூட்டிவிடும். கட்டடத் தொழிலாளர்களுக்காக 1996-இல் வந்த சட்டம் என்ன சொன்னது? ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில்தான் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்றது. நாற்பது பெண்கள் சித்தாள் வேலை பார்த்த இடத்தில் பிள்ளை மணல் மேட்டில் கிடக்க வேண்டியிருந்தது.

பண உதவி இல்லையா என்றால், இருக்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், கஷ்டப்படும் குடும்பம் பிள்ளையைத் தன்னிடமே வைத்து வளர்க்க மாதம் 4,000 ரூபாய் தருகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் நகரத்துக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. கணக்குப் போடுங்கள், மாதம் 8,000. கேரளத்தில் கூலி வேலைக்கு வரும் ஒருவர் பாதி மாதம் வேலைக்குப் போனாலே அதைத் தாண்டிவிடுவார். பிறகு வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம், வட்டிக் கடன், மழையில் வேலை இல்லாத நாட்கள். இவற்றுக்கு அந்த விண்ணப்பத்தில் இடமில்லை. இதற்கான குழு உட்கார்ந்து, விசாரித்து, அறிக்கை வாங்கி, ஒப்புதல் கொடுத்து, வங்கிக் கணக்கில் பணம் ஏறுவதற்குள் அந்தக் குடும்பம் வேறு ஊருக்கே போயிருக்கும். அடுப்பு அணைந்த வீட்டுக்கு அன்று மாலையே அரிசி வர வேண்டும், அடுத்த மாதம் வந்து என்ன பயன்?

1098 என்ற குழந்தைகள் உதவி எண் நம் எல்லோருக்கும் தெரியும். 1996-இல் மும்பையில் டாடா சமூக அறிவியல் கழகத்தின் திட்டமாகத் தொடங்கியது, 2023-இலிருந்து மாநில அரசுகளின் கையில் இருக்கிறது. அரசே ஏற்றுக்கொண்டதை நான் வரவேற்கிறேன், அது அரசின் வேலைதான். ஆனால் அழைத்த பிறகு என்ன நடக்கிறது? பிள்ளையை வீட்டிலிருந்து எடுத்து இல்லத்தில் சேர்க்கும் வழி தெளிவாக இருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும் என்று சிறார் நீதிச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. அந்த வீட்டுக்குள் போய், அந்தத் தாயின் மொழியில் பேசி, அந்த வாரத்தைக் கடக்க வைக்கும் ஆள் எங்கே? இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்வதும் அதே சட்டம்தான். முதல் வழிக்கு ஆளும் பணமும் இல்லாமல் வைத்துவிட்டால் கடைசி வழி மட்டும்தானே மிஞ்சும்?

இங்கிலாந்தில் 1989-இல் குழந்தைகள் சட்டம் கொண்டுவந்தார்கள். தேவையுள்ள குழந்தை முடிந்தவரை தன் குடும்பத்திலேயே வளர உதவுவது உள்ளாட்சியின் கடமை என்று அதன் 17-ஆவது பிரிவு எழுதி வைத்தது. தேவைப்பட்டால் ரொக்கமாகவே கொடுக்கலாம் என்றும் அதில் இருக்கிறது. அங்கேயும் குறைகள் ஆயிரம் உண்டு. ஆனால் கடமை என்று எழுதிவிட்டால் மக்கள் அதைக் காட்டிக் கேட்கலாம். நம் ஊரில் அது இன்னும் கருணையாகத்தான் நிற்கிறது.

தமிழர்களான நாமும் இங்கே பிழைக்க வந்தவர்கள்தான், அல்லது வந்தவர்களின் பிள்ளைகள். இங்கே தமிழுக்குச் சங்கம் இருக்கிறது, ஆள் இருக்கிறது, அவசரத்துக்கு ஓடி வர ஒரு மாமாவாவது இருக்கிறார். கட்டடங்களுக்குப் பின்னால் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் அசாம், ஒடியா, வங்காளக் குடும்பங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

கழக்கூட்டம் 2010-இலிருந்து திருவனந்தபுரம் மாநகராட்சியில் இருக்கிறது. வார்டுதோறும் குழந்தைகள் நல, பாதுகாப்புக் குழு ஒன்று இருக்க வேண்டும் என்று மிஷன் வாத்சல்யாவின் விதிகள் சொல்கின்றன. உங்கள் வார்டில் அந்தக் குழு இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது, அதில் வெளிமாநிலத் தாய் ஒருவராவது இருக்கிறாரா? நாளைக் காலை உங்கள் கவுன்சிலரைப் பார்த்துக் கேளுங்கள். வாய்மொழியாக விட்டுவிடாமல் எழுதிக் கொடுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். மாலை ஏழு மணி வரை திறந்திருக்கும் காப்பகம் ஒன்று, இந்தியும் அசாமியும் பேசத் தெரிந்த குடும்ப ஊழியர் ஒருவர், சான்றிதழ் கேட்காமல் அன்றே கொடுக்கும் அவசர உதவித் தொகை. இந்த மூன்றையும் கேட்டு எழுதிய மனு வாசலில் மேஜையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.